யோசனை சொல்பவரின் கடன், கேட்பவரின் கடன்

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். வங்கியில் வாங்கும் கடனைப் பற்றி எம்மவர் நிறையவே பேசுகிறோம். வட்டி எத்தனை வீதம், எத்தனை வருடம், எந்த வங்கி என்று பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போதுகூடப் பேசுகிறோம். மற்றக் கடனைப் பற்றிப் பேசுவது குறைவு. ஒரு குடும்பம் பல வருடச் சேமிப்பைப் போட்டு, வாடகைக்கு விடுவதற்கென்று இன்னொரு வீட்டையோ கொண்டோவையோ வாங்கப் போகும்போது, அதற்கு யோசனை சொல்பவருக்கு என்ன கடமை? கேட்பவருக்கு என்ன கடமை? இதைப் பற்றி எம் ஆலயக் குடும்பங்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடியேன் தொழிலால் ஒரு கணக்காளன். வருமான வரிப் படிவங்கள் நிரப்பும் மாசி முதல் சித்திரை வரையான காலத்தில் பலர் வருவார்கள். கையெழுத்து வைத்து முடிந்து, எழும்பிக் கதவடிக்குப் போன பிறகு திரும்பி நின்று, "அண்ணை, இன்னொரு வீடு வாங்கிப் போடலாமோ? எல்லாரும் வாங்கினமே" என்று கேட்பார்கள். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. ஆனாலும் எங்கள் சமூகத்தில் இந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில்தான் கிடைக்கிறது. கலியாண மண்டபத்திலும், பிறந்தநாள் விழாவிலும், கோயில் வாகனத் தரிப்பிடத்திலும் கிடைக்கிறது. அந்தப் பதிலை நம்பி ஒரு குடும்பம் 25 வருடத்துக்கு ஈடு வைக்கிறது. பிறகு நட்டம் வந்தால் அந்த நட்டம் யாருடையது? சொன்னவருடையதா, கேட்டவருடையதா? இங்கேதான் அறம் பற்றிய கேள்வி பிறக்கிறது.

ஊரில் காணி வாங்கிய முறை

முதலில் எங்கள் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவது ஒருவர் தனியே செய்கின்ற காரியமாக இருக்கவில்லை. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையே, காணியை விற்க விரும்புபவர் தம் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற வழமையைக் கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு முன் தாம் வாங்கிக்கொள்ளும் அந்த உரிமைக்கு 1947ஆம் ஆண்டில் தனிக் கட்டளைச் சட்டமும் வந்தது. ஆகவே ஒரு பரப்புக் காணி கைமாறப் போகிறது என்றால் அது பலருக்குத் தெரிந்திருந்தது. உறுதியில் என்ன குறை, கிணற்றுத் தண்ணீர் உவரா நன்னீரா, எல்லை வேலியில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது அயலுக்குத் தெரியும்.

அப்படியான ஊரில் பெரியப்பாவிடமோ அம்மானிடமோ யோசனை கேட்டதில் அர்த்தம் இருந்தது. அவருக்கு அந்த மண்ணைத் தெரியும். அதைவிட முக்கியமாக, அவர் சொன்னது பிழைத்தால் அடுத்த நாள் காலையில் அதே ஒழுங்கையில் எங்கள் முகத்தில் அவர் விழிக்க வேண்டும். அறிவு, பொறுப்பு, உறவு ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தன.

புலம்பெயர்ந்தபோது இவை மூன்றும் பிரிந்துவிட்டன. உறவு மட்டும் எங்களோடு விமானம் ஏறி வந்தது. ரொறன்ரோவின் கொண்டோச் சட்டத்தைப் பற்றி அத்தானுக்கு என்ன தெரியும்? தெரிந்த ஒருவர் இருந்தாலும் அவர் எங்கள் நட்டத்தில் எந்தப் பங்கும் ஏற்கப் போவதில்லை. ஆனால் 'எங்கட ஆள்' என்ற சொல்லைக் கேட்டவுடன், மூன்றும் இன்னும் ஒன்றாகவே இருப்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது. நாம் ஏமாறுவதற்கு வேறொருவர் பொய் சொல்லத் தேவையில்லை. இந்த எண்ணமே போதும்.

சொல்லாமல் விட்ட கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். விலை 600,000 டொலர். முற்பணம் 20 வீதம், அதாவது 120,000. கடன் 480,000. இரண்டு வீத வட்டியில் 25 வருடக் கடனுக்கு மாதக் கட்டுப்பணம் சுமார் 2,030 டொலர். வாடகை 2,500 வரும் என்று வைத்துக்கொள்வோம். "வாடகையே கடனைக் கட்டும், மிச்சமும் வரும்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. 2,500 என்பது 2,030ஐ விடக் கூடத்தான். ஆனால் கொண்டோப் பராமரிப்புக் கட்டணம் 500, வீட்டு வரி 300 என்று சேர்த்தால் மாதச் செலவு 2,830. மாதம் 330 டொலர் கையிலிருந்து போகிறது. இது நல்ல காலத்துக் கணக்கு. வட்டி ஐந்து வீதமானால் கட்டுப்பணம் சுமார் 2,790 ஆகும். அப்போது மாதம் 1,090 டொலர், வருடத்துக்கு 13,000க்கு மேல் கையிலிருந்து போகும். வீடு ஒரு மாதம் வெறுமையாக இருந்தால், குளிர்சாதனம் பழுதானால் அது வேறு.

இதில் வரியும் ஒரு வேலை காட்டும். கட்டுப்பணத்தில் வட்டியை மட்டுமே செலவாகக் கழிக்கலாம். முதலைக் கழிக்க முடியாது. ஆகவே மேலே சொன்ன இரண்டு வீதக் கணக்கில், கையிலிருந்து வருடத்துக்கு நாலாயிரம் டொலர் போய்க்கொண்டிருக்கும்போதே, வரிப் படிவத்தில் ஏறத்தாழ 11,000 டொலர் வாடகை இலாபமாக வந்து நிற்கும். அதற்கு வரியும் உண்டு. தேய்மானத்தைக் கழித்து இன்றைக்குக் குறைக்கலாம். நல்ல விலைக்கு விற்கும் வருடத்தில் கழித்தது திரும்பி வருமானமாக வரும். கட்டிய முதல் எங்கள் சொத்தாகச் சேர்கிறது என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்தை அந்தச் சொத்தின் சுவரிலிருந்து உரித்துக் கட்ட முடியாது.

"வட்டி ஏன் ஏறப்போகுது?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 0.25. 2023ஆம் ஆண்டு யூலையில் அது 5. பிறகு 2024 யூனிலிருந்துதான் இறங்கத் தொடங்கியது. "ரொறன்ரோவில் வீட்டு விலை விழுந்த சரித்திரமே இல்லை" என்பதும் நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம். 1989ஆம் ஆண்டில் ரொறன்ரோப் பகுதியின் சராசரி வீட்டு விலை சுமார் 273,000 டொலர். 1996இல் அது சுமார் 198,000. பழைய இடத்துக்குத் திரும்பி வர 2002ஆம் ஆண்டு ஆயிற்று. பதின்மூன்று வருடங்கள்! எம்மவரில் பெரும்பாலானோர் அந்த இறக்கத்துக்குப் பிறகு வீடு வாங்கியவர்கள். ஏற்றத்தை மட்டுமே கண்டவர்கள். தாம் கண்டதை அவர்கள் உண்மையாகவே சொல்கிறார்கள். நேர்மையான சாட்சியும் தான் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் சாட்சி சொல்ல முடியும்.

யார் யாருக்கு எப்போது பணம்?

யோசனை சொல்பவர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிப்பதில் பயனில்லை. அவர்களுக்கு எப்போது பணம் கிடைக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. வீடு விற்பனை முகவருக்கு, விற்பனை முடிந்தால் பணம். கடன் ஒழுங்கு செய்யும் முகவருக்கு, கடன் கொடுபட்டால் பொதுவாகக் கடன் கொடுக்கும் நிறுவனத்திடமிருந்து பணம். கட்டட நிறுவனத்தின் விற்பனைக் கூடத்தில் இருப்பவருக்கு, நீங்கள் கையெழுத்து வைத்தால் பணம். இவர்களுள் மிக நேர்மையானவர்கள் பலர் உளர். ஆனால் நீங்கள் 'வேண்டாம்' என்று சொன்னால் அவர்கள் அன்று செய்த வேலைக்கு ஒரு சதமும் இல்லை. அவர்களிடமே போய் "வாங்கவோ, விடவோ?" என்று கேட்பது அவர்களையும் ஒரு சோதனைக்குள் தள்ளுவதாகும்.

வாங்கினாலும் விட்டாலும் ஒரே கூலி பெறுபவர்கள் யார்? மணித்தியாலத்துக்குக் கட்டணம் வாங்கும் சட்டத்தரணி, கணக்காளர் போன்ற சிலரே. ஆனால் 120,000 டொலர் முற்பணம் கட்டத் துணிந்த ஒருவர், அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேச முன்னூறு டொலர் கொடுக்க வேண்டும் என்றதும் தயங்குகிறார். இலவசமாகச் சொல்ல ஆள் இருக்கும்போது ஏன் காசு கொடுக்க வேண்டும் என்கிறார். இலவச யோசனைக்கும் யாரோ கூலி கொடுக்கிறார்கள்; அது யார் என்று எங்களுக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீதிமன்றம் சொன்ன இரண்டு பதில்கள்

என் தொழிலைச் சேர்ந்தவர்கள் மறக்கக்கூடாத ஒரு வழக்கு உண்டு. ஹொட்ஜ்கின்சன் எதிர் சிம்ஸ் என்ற அவ்வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1994ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பங்குத் தரகர் தம் வருமானத்துக்கு வரிச்சலுகை தேடி ஒரு கணக்காளரிடம் யோசனை கேட்டார். கணக்காளர் சொன்னபடி வாடகைக் குடியிருப்புக் கட்டடங்கள் நான்கில் முதலிட்டார். 1981இல் காணி, வீட்டுச் சந்தை சரிந்தது; பெரும் நட்டம். அதே கணக்காளர் அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களுக்காகவும் வேலை செய்து அவர்களிடமும் பணம் பெற்றார் என்பது பின்னரே தெரியவந்தது.

அந்த முதலீடு அன்றைய நிலையில் மோசமான ஒன்று என்று யாரும் நிரூபிக்கவில்லை. சந்தை எல்லாருக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. அப்படியானால் சந்தை விழுந்த நட்டத்தைக் கணக்காளர் ஏன் ஏற்க வேண்டும்? ஏழு நீதிபதிகளில் நால்வர், ஏற்கத்தான் வேண்டும் என்றார்கள். நம்பி வந்தவரிடம் மறைத்தார். அந்த உண்மை தெரிந்திருந்தால் அவர் முதலிட்டே இருக்கமாட்டார். ஆகவே நட்டம் மறைத்தவரைச் சேரும் என்பது அவர்கள் நியாயம். மற்ற மூவர் வேறு விதமாகச் சொன்னார்கள். முடிவெடுக்கும் உரிமையை அந்தத் தரகர் கைவிடவில்லை, முடிவு அவருடையது. சந்தைச் சரிவுக்குக் கணக்காளரைப் பொறுப்பாக்க முடியாது என்றார்கள்.

சட்டத்தில் நால்வரின் சொல்லே வென்றது. அறத்தில் இரு பக்கத்தாரும் எங்களுக்குப் பாடம் சொல்கிறார்கள் என்பது என் கருத்து. யோசனை சொல்பவர் நால்வரின் தீர்ப்பைத் தம் தீர்ப்பாகக் கொள்ள வேண்டும். யோசனை கேட்பவர் மூவரின் கருத்தைத் தம் மனத்தில் வைக்க வேண்டும். உலகத்தில் பெரும்பாலும் இது மாறியே நடக்கிறது. சொன்னவர், "முடிவு உன்னுடையதுதானே" என்கிறார். கேட்டவர், "நீங்கள் சொல்லித்தானே வாங்கினேன்" என்கிறார். இருவரும் மற்றவருக்கு உரிய பாடத்தை மற்றவருக்குப் படிப்பிப்பதால் உறவு முறிகிறது, நட்டமும் தீரவில்லை.

சொல்பவர் கடமை எங்களுக்குப் புதிதல்ல. கோயிற் சொத்துக்குப் பொறுப்பானவரைத் தர்மகர்த்தா என்கிறோம். அவர் கோயிற் காணியைத் தம் மைத்துனருக்கு நியாயமான விலைக்கே விற்றாலும், அந்த உறவைச் சபைக்குச் சொல்லாமல் விற்றால் அது பிழை என்பது எங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விலை சரியா என்பது ஒரு கேள்வி. சொன்னாரா என்பது வேறு கேள்வி. பிறர் சேமிப்பைப் பற்றி வாய் திறக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கணத்துக்கு ஒரு தர்மகர்த்தாதான். "இதில் எனக்கு இவ்வளவு வரும்", "இந்தக் கட்டடத்தில் எனக்கும் ஓர் அலகு உண்டு, நீங்கள் வாங்கினால் என் விலையும் ஏறும்", "இதைப் பற்றி எனக்குத் தெரியாது" என்ற மூன்றில் எது உண்மையோ அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் யோசனை சொல்ல வேண்டும். அதிலும் மூன்றாவதைச் சொல்வதுதான் எம்மவருக்குக் கடினமாக இருக்கிறது.

ஒன்ராறியோச் சட்டமும் இதையே கேட்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முகவர் தம் சேவையைத் தொடங்குமுன் ஒழுங்காற்றுச் சபையின் தகவல் வழிகாட்டியைத் தந்து விளக்க வேண்டும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் பிரதிநிதியாக இருப்பதானால் இருவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெற வேண்டும். 'எங்கட ஆள்தானே' என்று அந்தத் தாளை வாசிக்காமல் கையெழுத்திடுவது முகவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

கேட்பவரின் கடன்

கேட்பவருக்கும் கடமை உண்டு. முதலாவது, முழுக் கணக்கையும் கொண்டு வருவது. கடனட்டை நிலுவை, ஊரிலுள்ள தங்கைக்கு அனுப்பும் பணம், சீட்டுக் கட்டுவது ஆகியவற்றை மறைத்து, சம்பளத்தை மட்டும் சொல்லி யோசனை கேட்பவருக்கு எவராலும் நல்ல யோசனை சொல்ல முடியாது. வைத்தியரிடம் வயிற்று வலியை மறைத்துத் தலைவலிக்கு மருந்து கேட்பது போன்றது அது.

இரண்டாவது, ஏற்கனவே எடுத்த முடிவுக்குச் சம்மதம் தேடாதிருப்பது. நாலு பேர் வேண்டாம் என்று சொல்லியும், ஐந்தாவது ஆள் 'வாங்கு' என்று சொல்லும்வரை அலைபவர் யோசனை கேட்கவில்லை. பழி போட ஓர் ஆளைத் தேடுகிறார். இப்படிப்பட்டவருக்கு என்னிடம் ஒரே ஒரு சொல்தான் உண்டு. "வாங்கலாமோ?" என்று கேட்காதீர்கள், "என்ன நடந்தால் இது கவிழும்?" என்று கேளுங்கள். முதற் கேள்விக்கு விருப்பத்தைப் பதிலாகச் சொல்லலாம். இரண்டாவதற்கு விஷயம் தெரிந்தவரால் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

மூன்றாவது, காலம் எடுப்பது. ஒன்ராறியோவில் புதிய கொண்டோவைக் கட்டுபவரிடமிருந்து நேரடியாக வாங்கினால், மனம் மாறி ஒப்பந்தத்தை விட்டு விலக 10 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. அந்த ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடம் கொடுத்து வாசிப்பிக்க வேண்டிய நாட்கள் அவைதாம். பழைய வீட்டை வாங்கும்போது அந்த அவகாசமும் இல்லை. கையெழுத்துக்கு முன்பே யோசிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பதற்காக, அந்தப் பிள்ளையை ஒப்பந்தம் வாசிக்க வைப்பது நியாயமல்ல. குடும்பத்தின் கடனைப் பிள்ளையின் தோளில் மொழிபெயர்ப்பாக ஏற்றக் கூடாது.

அறையில் இல்லாதவர்கள்

யோசனை நடக்கும் அறையில் பெரும்பாலும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். முடிவோ வேறு பலரையும் கட்டுகிறது. குடியிருக்கும் வீட்டின் மேல் கடன் எடுத்து இரண்டாவதற்கு முற்பணம் கட்டும்போது மனைவியின் கையெழுத்தும் வேண்டும். வருமானம் போதாது என்றால் மைத்துனர் பிணை நிற்கிறார். "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்பார்கள். பிணை என்பது கடன்தான்; கட்டாவிட்டால் வங்கி அவரைத்தான் தேடும். அவர்களை அந்த அறைக்குள் கூப்பிடாமல் எடுத்த யோசனை எவ்வளவு புத்திசாலித்தனமானதாயினும் அரைகுறையானதே.

இன்னொருவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். அவருக்குப் பெயர் இல்லை, 2,500 டொலர் என்ற எண் மட்டும் இருக்கிறது. வாடகைக்கு வரப்போகிறவரைச் சொல்கிறேன். நானும் இந்நாட்டுக்கு அகதியாக வந்து பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தவன். வீட்டுக்காரரின் ஈடு ஏறினால் அது மேல்மாடியில் மட்டும் நிற்பதில்லை, படியிறங்கிக் கீழேயும் வரும் என்பதை அறிவேன். "வாடகையைக் கூட்டிச் சரிக்கட்டலாம்" என்ற யோசனை எளிதாகச் சொல்லப்படுகிறது. 2018 நவம்பர் 15க்கு முன் குடியேற்றப்பட்ட வீடுகளுக்கு, குடியிருப்பவர் இருக்கும்போது வாடகையை வருடாந்த வழிகாட்டி அளவுக்கு மேல் பொதுவாகக் கூட்ட முடியாது. 2026ஆம் ஆண்டுக்கு அது 2.1 வீதம். "எங்களுக்கே வீடு வேணும் எண்டு சொல்லி எழுப்பிப்போட்டு, புது ஆளுக்குக் கூடக் குடுங்கோ" என்று காதோடு சொல்லப்படும் யோசனையும் உண்டு. பொய்க் காரணம் காட்டி எழுப்புவது சட்டப்படி குற்றம். அதற்கு மேலாக, ஒரு காலத்தில் எங்களை எழுப்பிய கைகளை மறந்தவர் சொல்லும் யோசனை அது. மற்றொரு குடும்பத்தை வீதியில் விட்டால்தான் ஒரு கணக்குச் சரிவரும் என்றால், அந்தக் கணக்கு முதலிலேயே பிழை.

நம்பிக்கை இல்லாமல் வாழ்வதா?

இவ்வளவையும் வாசித்தபின், "அப்படியானால் ஒருவரையும் நம்பக்கூடாதா? ஒருவரை ஒருவர் நம்பித்தானே இந்த நாட்டில் நிமிர்ந்தோம்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சீட்டுப் பிடித்ததும், முதல் வீட்டுக்கு முற்பணம் கைமாற்றாகக் கொடுத்ததும், இந்த ஆலயத்தைக் கட்டியதும் நம்பிக்கையால்தான். ஆனால் திருக்குறளில் ஆட்களை ஆராய்ந்து நம்புவதற்கென்றே 51ஆம் அதிகாரம் உண்டு. அதன் பெயர் தெரிந்து தெளிதல். முதலில் தெரிதல், பிறகு தெளிதல். கேள்வி கேட்பது நம்பிக்கைக்குப் பகையன்று. நம்பிக்கை ஏறி நிற்கும் படி அது.

ஆகவே அடுத்த முறை ஒருவர், "தம்பி, நல்ல இடம் ஒன்று வந்திருக்கு, விட்டிடாதை" என்று சொன்னால், மரியாதையாக நான்கு விடயங்களைக் கேளுங்கள். இதில் உங்களுக்கு என்ன வரும்? வட்டி மூன்று வீதம் ஏறினால், ஆறு மாதம் வாடகை வராவிட்டால் நான் எங்கே நிற்பேன்? இதை நீங்களே இன்றைய விலைக்கு வாங்குவீர்களா? நீங்கள் சொன்னதை எழுதித் தருவீர்களா? நல்ல மனிதர் இதனால் கோபிக்கமாட்டார். கோபிப்பவர் சொன்ன யோசனையை விட, அவருடைய கோபமே உங்களுக்கு நல்ல யோசனை.

நீங்களே யோசனை சொல்லும் இடத்தில் இருந்தால், கேட்காமலே அந்த நான்குக்கும் பதிலைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வீடு வாங்குவதும் விடுவதும் அவரவர் நிலையைப் பொறுத்தது; வாங்கி நன்றாக இருப்பவர்களும் எம்மிடையே பலர். ஆனால் வங்கிக் கடனைக் கட்டி முடிக்க 25 வருடம் உண்டு. யோசனை சொன்ன கடனை, சொல்கின்ற அந்த நேரத்திலேயே கட்டி முடித்துவிட வேண்டும்.